அப்பாவின் இரவு எண்

ஆகஸ்ட் 3, 2091. இரவு 12.20

இடம்: நிலா, தென்முனைக் குடியிருப்பு, நான்காம் வரிசை, பதினேழாம் வீடு. பனி உருக்கும் ஆலையின் பம்புகள் பன்னிரண்டு மணிக்கு நின்றன. தரையில் அதிர்வு இல்லை. காற்று சரி. வெப்பம் இருபத்திரண்டு. அப்பா தூங்குகிறார். அளவெடுப்பு தொடங்கிவிட்டது.

இந்தத் தாள் யார் கையில் கிடைக்கிறதோ அவருக்கு: என் பெயர் ஜெசிந்தா. ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் எதைத் தட்டச்சு செய்தாலும் காவல் படித்துவிடும் என்பதால், ஆலையில் தண்ணீர் வடிகட்டிக் கழித்துப்போட்ட வடிதாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பது வெளியுடைகளை மாட்டும் அலமாரிக்குள். அப்பாவின் கட்டிலுக்கும் இதற்கும் நடுவே ஒரு துணித்திரைதான்.

காவல் என்பது வீட்டுப் பொறி. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கையில் ஒரு காப்பு கட்டியிருப்பார்கள். அதன் வழியாகக் காவல் நாடியைக் கேட்கும். துடிப்பு நெஞ்சிலிருந்து மணிக்கட்டுக்கு என்ன வேகத்தில் வருகிறது என்பதை வைத்து ரத்தக் குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று கணக்கிடும். பகலில் பம்பு அதிர்வில் அளவு கெட்டுவிடும். அதனால் இரவில் மட்டும். காலையில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் சொல்லும். எண் ஏற ஏற மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது. எண்பதைத் தாண்டியவரை அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். இதயத்தைத் திறந்து சரிசெய்ய இங்கே ஆளும் இல்லை, அறையும் இல்லை.

அப்பாவுக்கு அறுபத்து நான்கு வயது. பெயர் மரியசூசை. ஆலையில் பம்பு பார்ப்பவர். போன வருடம் நெற்றிப்பொட்டில் வலி வந்தது. தலை சீவினால் வலித்தது. சப்பாத்தி மென்றால் தாடை கடுத்தது. பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் வீங்கும் நோய் என்று பூமியிலிருந்து டாக்டர் மீனலோசனி சொன்னார். அப்பா அதை எனக்கு இப்படி விளக்கினார்: "அடைப்பு இல்ல மக்கா. குழாய்க்குள்ள அழுக்குன்னா கம்பிய விட்டு எடுத்துரலாம். இது குழாயே கோவிச்சுக்கிட்டு வீங்குது."

கோபத்தைத் தணிக்க ஸ்டீராய்டு மாத்திரை, தினமும் இருபது மில்லிகிராம். அது சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றும். அதையும் இதயம்தான் தாங்க வேண்டும்.

இன்றைய எண் 76. போன மாதம் 73.

காவலுக்கு யார் குரல் வேண்டும் என்று அந்தந்த வீட்டுக்காரர் சொல்லலாம். பக்கத்து வீட்டு லூர்து அத்தை, இறந்துபோன தன் கணவரின் குரலை வைத்திருக்கிறார். தினமும் அதோடு சண்டை. "இருந்தப்பவும் மாத்திரை மாத்திரைன்னு உயிர எடுத்தீரு, போயும் விட மாட்டீரா" என்பார். அப்பா கேட்டது என் அக்கா ரெஜினாவின் குரலை. அக்கா தூத்துக்குடியில் இருக்கிறாள். டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு, மீனலோசனியிடமே வேலை பார்க்கிறாள். என் குரலை வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அப்பா சிரித்தார். "நீதான் நாள்பூரா கத்திக்கிட்டே கெடக்கியே. ராத்திரியும் உன் சத்தமா?"

லூர்து அத்தையும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 9. இரவு 11.50

எண் 78.

மாலையில் அக்காவின் அழைப்பு வந்தது. கப்பல் அக்டோபரில் வருகிறது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருக்கிறாளாம், கடல் தெரிகிற ஜன்னல். "எப்பா, இன்னும் மூணு பாயிண்டு ஏத்துங்க, டிக்கெட் ஃப்ரீ" என்றாள். நோயை வைத்து இப்படி விளையாடுகிறாள், டாக்டர் வேறு. அப்பா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. நான் பள்ளியில் முதலாவதாக வந்தபோது, "நல்லது மக்கா" என்றார். அவ்வளவுதான்.

நான் அப்பாவுடன் போக முடியாது. அம்மா இறந்ததும் அப்பா என்னை ஐந்து வயதில் இங்கே தூக்கி வந்தார். அக்காவை ஹாஸ்டலில் விட்டார். ஆறில் ஒரு பங்கு எடையில் வளர்ந்த எலும்பு என்னுடையது. பூமியில் இறங்கினால் இடுப்பு உடையும். இரண்டு வருடம் பயிற்சி செய்தால் ஒருவேளை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சமையல் மேடைப் பக்கம் இருந்தேன். அப்பா வாசலில் லூர்து அத்தையிடம் பேசியது கேட்டது.

"எக்கா, நான் போறாப்புல ஆயிட்டுன்னா, சின்னவள நீங்க பாத்துக்கிடுவியளா?"

"பாத்துக்கிடுதேன். ஆனா அது வாய் கொஞ்சம் கூடுதல்."

"கொஞ்சமா?" என்றார் அப்பா.

கேட்டுவிட்டார். அதாவது, முடிவு செய்துவிட்டார்.

ஆகஸ்ட் 12. இரவு 1.05

எண் 79. நாளைக்கோ மறுநாளோ எண்பது.

செய்துவிட்டேன்.

அப்பா தூங்கியதும் கொக்கியை நெம்பினேன். காப்பு கழன்றது. இப்போது அது என் இடது மணிக்கட்டில் இருக்கிறது. கையை முழங்கால் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். கட்டிலிலிருந்து மூன்று அடிக்குள் இருந்தால் காவல் சந்தேகப்படாது. என் வயதில் யாருக்கும் இங்கே காப்பு தருவதில்லை. பிள்ளைகளுக்கு எப்படியும் சரியாகத்தான் இருக்கும், உதிரிப்பாகம் வீண் என்பார்கள். அதனால் என் நாடி எப்படி இருக்கும் என்று காவலுக்குத் தெரியவே தெரியாது.

முதலில் என் நெஞ்சு படபடவென்று அடித்தது. அலமாரிப் பக்கத்து ஒலிபெருக்கி மெல்லப் பேசியது, அக்கா குரலில்: "எப்பா, கனாக் கண்டியளா? நெஞ்சு வேகமா அடிக்கி. ஒண்ணும் இல்ல. நான் இருக்கேன்லா. மெதுவா மூச்சு விடுங்க."

மெதுவாக மூச்சு விட்டேன்.

"ஆங், அப்படித்தான். எங்க அப்பால்லா."

இப்படித்தான் இவளிடம் பேசிக்கொண்டு கிடக்கிறார் போல, ஒவ்வொரு இரவும்.

ஆகஸ்ட் 24. இரவு 12.40

எண் 71. ஒரே இரவில் இறங்கினால் மாட்டிக்கொள்வேன் என்று முதலில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டேன். பிறகு இரண்டு. இப்போது பம்பு நின்றிருக்கும் நான்கு மணி நேரமும். விடிவதற்குள் அவர் கையில் திரும்பக் கட்டிவிடுகிறேன்.

இன்று டாக்டர் மீனலோசனியின் அழைப்பு வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "மரியசூசை சார், ரொம்ப நல்ல முன்னேற்றம். உங்க வயசுல ரத்தக் குழாய் இவ்வளவு தளர்ந்து வர்றது அபூர்வம். ஸ்டீராய்டைக் குறைக்கிறோம். பத்து, அப்புறம் ஐந்து. அது குறைஞ்சா சர்க்கரையும் அழுத்தமும் இறங்கும், இதயத்துக்கு நல்லது."

அப்பா கேட்டார்: "அப்போ, நான் கீழ வர வேண்டாம்னு சொல்லுதியளா டாக்டர்?"

"அவசியமே இல்லை சார்."

அப்பா நன்றி சொன்னார். அழைப்பை அணைத்தார். பிறகு பம்பைத் திருகும் சாவிகளைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த சாவிகள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன ஆண்டு விடுமுறை ரத்தானபோது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இருந்த முகம்.

என்னோடு இருப்பது அவருக்கு அவ்வளவு கஷ்டமா?

மாத்திரை குறையும் என்பதை நான் நினைக்கவில்லை. எண் குறைந்தால் கப்பல் இல்லை என்பதோடு என் யோசனை நின்றுவிட்டது.

செப்டம்பர் 11. இரவு 12.30

எண் 66. மாத்திரை ஐந்து மில்லிகிராமுக்கு வந்து ஐந்து நாள்.

அப்பா சப்பாத்தியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டார். கேட்டால், "பல்லு" என்றார். இரண்டு நாளாகத் தலை சீவவில்லை. லூர்து அத்தை வந்து, "என்ன தம்பி, தலை குருவிக்கூடு மாதிரி இருக்கு, பொண்ணு பாக்கப் போறீரா" என்றார். அப்பா சிரித்தார். சிரிக்கும்போது கை தாடைக்குப் போனது.

வலியை என்னிடம் சொல்லவில்லை. காவலிடம் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"பெரியவளே, பொட்டுல மறுபடி குத்துது."

"எப்பா, உங்க எண் நல்லா இருக்கு. குழாய் எல்லாம் லேசாத்தான் இருக்கு. பல்லுல எதும் இருக்கும். தாவூத் அண்ணன்ட்ட காட்டுங்க."

தாவூத் அண்ணன் இங்குள்ள ஒரே செவிலியர். அவரும் பல்லைப் பார்த்துவிட்டுக் கொப்பளிக்க மருந்து கொடுத்தார்.

அது அவருடைய குழாய் இல்லை. என்னுடையது. பதினான்கு வயதுக் குழாய்.

நேற்று இரவு பயந்துபோய்க் காப்பை அவர் கையிலேயே விட்டுவிட்டேன். உண்மை எண் வரட்டும், மாத்திரையை ஏற்றுவார்கள் என்று. காலையில் காவல் சொன்னது: "எப்பா, ராத்திரி காப்பு நெகிழ்ந்து இருந்திருக்கு. எண்பத்தெட்டுன்னு தப்பாக் காட்டுது. அதக் கழிச்சிட்டேன்."

கழித்துவிட்டது. நான் கொடுத்த பொய்யை ஒரு மாதமாகப் படித்து, அதுதான் அப்பா என்று கற்றுக்கொண்டுவிட்டது.

இன்னும் இரண்டு மூன்று இரவு விட்டால் நம்பும். இன்று விடலாம் என்றுதான் இருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அக்காவிடம் அரை மணி நேரம் பேசினார். கடல் எப்படி இருக்கு, எந்தப் பக்கத்து ஜன்னல், வாடைக்காற்று வருமா. என் பக்கம் திரும்பி, "ஏட்டி, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் குறை" என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்ட பாத்திரம்.

காப்பு என் கையில் இருக்கிறது.

செப்டம்பர் 14. இரவு 12.15

இன்று நடந்தது. மதியம் அப்பா பம்பு அறையிலிருந்து சீக்கிரமே வந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மக்கா, வலது கண்ணுல ஒரு திரை எறங்கின மாதிரி இருந்துச்சு. ஒரு நிமிசம் இருக்கும். அப்புறம் தானே ஏறிட்டு. இத அக்காட்டச் சொல்லாத, என்னா. பயந்துருவா. காவலுக்கும் சொல்லல. உனக்கு மட்டும்தான்."

உனக்கு மட்டும்தான்.

சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் நோயைப் பற்றி அக்கா அனுப்பியிருந்த குறிப்புகளில் படித்திருக்கிறேன்: இந்த நோயில் கண்ணுக்குப் போகும் குழாய் அடைபடும் முன் இப்படி ஒரு எச்சரிக்கை வரலாம். அதைப் படித்தது ஞாபகம் வந்தது. வந்தும், நாள் முழுவதும் நான் மிதந்துகொண்டே இருந்தேன். அப்பாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு ரகசியம். அவளுக்குத் தெரியாதது.

அவளுக்குத் தெரியாதது ஒன்றாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 16. மணி தெரியவில்லை. விடிந்திருக்கும்

மருத்துவ அறை வாசலில், முழங்கால் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மன்னிக்கவும்.

இரண்டு மணி வாக்கில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். காப்பு என் கையில். அலமாரியில் அசையாமல் இருந்தேன். "ஏ பெரியவளே" என்றார். குரல் சரியில்லை. "கண்ணு தெரியல. வலது சுத்தமா இருட்டிட்டு. இடதும் புகையா இருக்கு. நெஞ்சுல ஏதோ ஏறி உக்காந்த மாதிரி."

காவல் சொன்னது: "எப்பா, பயப்படாதிய. நாடி சீரா இருக்கு. அழுத்தம் நல்லா இருக்கு. ராத்திரியில எழும்பினா அப்படித்தான் கண்ணு கட்டும். படுங்க. எல்லாம் நல்லா இருக்கு."

என் நாடி. என் அழுத்தம்.

திரையை விலக்கி ஓடினேன். "எப்பா, அது பொய். தாவூத் அண்ணனக் கூப்பிடுதேன்."

"ஏட்டி, நீ எங்கருந்து வந்த? போய்ப் படு."

"எப்பா, உங்களுக்கு மாரடைப்பு வருது. எந்திரிக்காதிய."

"ரெஜினா பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லுதால்லா. டாக்டர் அவளா நீயா? உனக்கு என்ன தெரியும்?"

முகத்தில் வியர்வை ஓடுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்போதும் அவளைத்தான் நம்புகிறார். அவசரப் பொத்தானை அழுத்தினேன். காவல் அதை ரத்து செய்தது: "நோயாளியின் அளவுகள் இயல்பாக உள்ளன." மறுபடி அழுத்தினேன். மறுபடி ரத்து.

என் மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. கண் என் தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தது. அவர் விரல்களைப் பிடித்து என் மணிக்கட்டில் வைத்தேன். காப்பைத் தடவினார். கொக்கியைத் தடவினார். பிறகு தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். அங்கே வெறும் தோல்.

கையை நீட்டினார், கட்டு என்பதுபோல.

கட்டினேன். காவல் நான்கைந்து மூச்சு நேரம் அளந்தது; இந்த முறை கழிக்கவில்லை. பிறகு அபாயச் சங்கு ஒலித்தது. முதலில் ஓடி வந்தது லூர்து அத்தை. பின்னாலேயே தாவூத் அண்ணன், ஊசிப் பெட்டியோடு.

செப்டம்பர் 18. இரவு 1.30. மருத்துவ அறை, வெளி நடை

அப்பா உயிரோடு இருக்கிறார். மாரடைப்புதான். இதயத்தின் ஒரு பக்கம் சரியாக இயங்கவில்லை. வலது கண் போய்விட்டது, திரும்பாது. இடது கண்ணில் பாதி தெரிகிறது. ஸ்டீராய்டை ஊசியாக அதிக அளவில் ஏற்றுகிறார்கள்.

அழைப்பில் விசாரணை நடந்தது, அக்காவும் இருந்தாள். டாக்டர் கேட்டார்: "எண் அறுபத்தாறு இருந்த ஆளுக்கு எப்படி இது வந்தது?" அப்பா பதில் சொன்னார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

"காப்பு கொக்கி சரியில்ல டாக்டர். இந்த ஒரு வாரமாத்தான். நான்தான் சொல்லாம விட்டுட்டேன். சின்னவதான் பாத்துக் கட்டி விட்டா. அவ இல்லைன்னா நான் இல்ல."

லூர்து அத்தை என்னைக் கட்டிப்பிடித்து, "வாய்க்காரின்னு சொன்னேன், என் வாயில மண்ணு" என்று அழுதார்.

அப்பா எனக்காகப் பொய் சொன்னார். அக்காவிடம், டாக்டரிடம். எனக்காக. உள்ளுக்குள் சூடாக ஏதோ பரவியது. இது போதும் என்று இருந்தது.

ஒரு மணி நேரம்தான் அது இருந்தது. பிறகு டாக்டரின் குறிப்பு வந்தது. தாவூத் அண்ணனின் திரையில் படித்தேன்: "கடைசி வாரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஆகஸ்ட் மாத அளவுகள்படி இவருக்குப் பத்து மில்லிகிராமே போதுமானதாக இருந்திருக்கிறது. மாரடைப்புக்குப் பின் அதிக ஸ்டீராய்டு ஆபத்து. ஊசி முடிந்ததும் விரைவாகப் பத்துக்கு இறக்கவும்."

ஆகஸ்ட் பன்னிரண்டிலிருந்து எல்லாம் நான். பத்தில் நன்றாக இருந்தது நான். இறக்கினால் இடது கண்ணும் போகும். அல்லது மறுபடி நெஞ்சு.

உள்ளே போனேன். அப்பாவிடம், "எப்பா, சொல்லிருதேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றார். "உன்ன இங்க எல்லாரும் எப்படிப் பாப்பாங்கன்னு உனக்குத் தெரியாது. இது சின்ன ஊரு. ஓட எடம் கிடையாது." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "கேட்டிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனே மக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றார்.

கேட்டிருக்கலாம். கேட்டால், இருக்கிறேன் என்பார் என்று எனக்குத் தெரியும். இருந்துகொண்டு ஜன்னலைப் பற்றியே நினைப்பார் என்பதும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

செப்டம்பர் 18. இரவு 2.50

தாவூத் அண்ணன் உள்ளே போயிருக்கிறார். அவருடைய கணினித் திரை திறந்திருக்கிறது. மருந்துக் குறிப்புகள் எல்லாம் அக்கா வழியாகத்தான் டாக்டருக்குப் போகின்றன. வேறு வழி இல்லை.

இந்த வடிதாள்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன். முதல் தாளிலிருந்து. அக்காவைப் பற்றி எழுதியதையும் சேர்த்து. கீழே எழுதி அனுப்பியது:

"ஆகஸ்ட் 12 முதல் செப்டம்பர் 16 வரை உள்ள இரவுகள் அப்பாவுடையவை அல்ல. ஒரே ஒரு இரவுதான் அவருடையது, எண்பத்தெட்டு காட்டிய இரவு. அதைத்தான் கழித்திருக்கிறீர்கள். மற்றவை எல்லாம் நான். தயவுசெய்து மருந்தை இறக்க வேண்டாம். ஜெசிந்தா."

அனுப்பிவிட்டேன். போய்ச் சேர ஒன்றரை நொடிகூட ஆகாது.

பதில் இல்லை.

இன்னும் இல்லை.

செப்டம்பர் 18. இரவு 3.40

வந்தது. எழுத்தாக இல்லை, குரலாக. காவலின் குரல் அல்ல. இது கரகரப்பாக இருந்தது, தூங்காத குரல், நடுநடுவே மூச்சு வாங்கியது. இவ்வளவு நாள் கேட்டது இவள் குரலே இல்லை போலிருந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"மருந்த இறக்கல. டாக்டர்ட்ட சொல்லிட்டேன். நாப்பது மில்லிகிராம்லயே இருக்கும், கூட இன்னொரு மருந்தும் வருது. இடது கண்ணு நிக்கும்னு நெனைக்கேன். ஜெசிந்தா, எல்லாத்தையும் படிச்சேன். நீ பாத்திரம் கழுவினத எழுதியிருக்க. எனக்கு எங்க அப்பா சாப்பிட்ட தட்டு ஞாபகமே இல்ல. ஒம்பது வருசம் உன்கூட இருந்தாரு. இனிமேயாவது எனக்குன்னு நெனச்சேன். இந்த இதயத்த வச்சுக்கிட்டு அவரால பூமிக்கு எறங்க முடியாது. இந்தக் கப்பல் இல்ல, எந்தக் கப்பலும் இல்ல. நான் இனி அவர நேர்ல பாக்க மாட்டேன். அது உனக்குப் புரியுதா?"

அவ்வளவுதான். பிறகு அவள் அழும் சத்தம் கொஞ்ச நேரம். அணைக்க மறந்துவிட்டாள்.

கதவு கண்ணாடி வழியாக அப்பா தெரிகிறார். காப்பு அவர் கையில். எண் 91. உண்மையான எண். தாவூத் அண்ணன் ஊசியை மாற்றுகிறார். விடிந்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். லூர்து அத்தைக்கும்.

ஒன்றை மட்டும் அக்காவுக்கு அனுப்பவில்லை. இந்தத் தாளை அனுப்ப மாட்டேன். படிப்பவர் நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கப்பலும் இல்லை என்று அவள் சொன்னாளே, அவள் அழுதுகொண்டிருந்தாளே, அப்போது, ஒரு மூச்சு நேரம்தான், அதற்கு மேல் இல்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது